முதல் ட்ராக் டே: ஹெல்மெட், பெல்ட், இன்டர்காம் ஆகியவற்றில் எதை முதலில் வாங்குவது?

வேளச்சேரி_போலோ

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் நடக்கவிருக்கும் ட்ராக் டே (போட்டியின்றி அவரவர் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஒன்றில் முதன்முறையாக என் காரை ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன். கார் 2018-ஆம் ஆண்டு போலோ ஜிடி டிஎஸ்ஐ. பிரேக் பேடுகளையும் பிரேக் ஆயிலையும் மாற்றி, நல்ல டயர்கள் போட்டதைத் தவிர வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை. தினமும் அலுவலகத்திற்குப் போவதும் இதே காரில்தான். அம்மாவையும் அப்பாவையும் வெளியூர் அழைத்துப் போவதும் இதில்தான். ஆகவே இதை முழுப் பந்தயக் காராக மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

பாதுகாப்புச் சாதனங்களுக்கும் பேசும் கருவிக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். என்னிடம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல பைக் ஹெல்மெட் ஒன்று இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா, புதிதாக வாங்க வேண்டுமா என்பது முதல் கேள்வி. நண்பர் ஒருவர் தன்னிடமுள்ள நான்கு முனை ஹார்னஸை (இரு தோள்களையும் இடுப்பையும் கட்டும் பந்தய பெல்ட்) தருவதாகச் சொல்கிறார். அதைப் பின் சீட்டின் பெல்ட் கொக்கிகளில் மாட்டிவிட்டு, கழுத்தைக் காக்க, தோளில் அமர்ந்து ஹெல்மெட்டைப் பட்டைகளால் பிடித்துக்கொள்ளும் ஹான்ஸ் கருவி ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தீப்பிடிக்காத உடை தேவையா என்றும் தெரியவில்லை. முதல் இரண்டு சுற்று ஓட்டங்களில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்காருவார் என்பதால் அவரோடு பேச இன்டர்காம் வேண்டும். பிட்டில் (தடத்தின் ஓரம் கார்கள் வந்து நிற்கும் இடம்) நிற்கும் என் தம்பியோடு பேச இணையக் கடையில் கிடைக்கும் வாக்கிடாக்கி ஜோடி ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். நான் கண்ணாடி அணிபவன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எந்த வரிசையில் செலவு செய்வது நல்லது?

கோவை_கார்ட்

ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மற்றவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். உங்கள் பட்டியலில் முதல் செலவு அதுதான்.

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் மோசமானது அல்ல. ஆனால் அது இரு சக்கர வாகன ஓட்டிக்காக வகுக்கப்பட்ட ஐஎஸ் 4151 தரத்தைச் சேர்ந்தது. பைக்கிலிருந்து விழுபவரின் தலை சாலையில் மோதும். காருக்குள் இருப்பவரின் தலையோ தூண்களிலும் கூரை விளிம்பிலும் கம்பிகளிலும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் மோதக்கூடும். காருக்குள் தீயும் ஓர் ஆபத்து. 1956-இல் கார்ப் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் என்பவரின் நினைவாக, அடுத்த ஆண்டே அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்னெல் அறக்கட்டளை இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. எம் என்று தொடங்கும் முத்திரை பைக்குக்கு, கே கோ-கார்ட் எனும் சிறு பந்தய வண்டிக்கு, எஸ்ஏ காருக்கு. தீயைத் தாங்கும் சோதனை எஸ்ஏ பிரிவில் மட்டும்தான் உண்டு. கம்பி போன்ற குறுகிய பொருளில் பலமுறை மோதவிடும் சோதனை எஸ்ஏ, கே இரண்டிலும் உண்டு. எம் பிரிவில் இல்லை.

எனவே எஸ்ஏ 2020 அல்லது எஸ்ஏ 2025 முத்திரையுள்ள ஒன்றை வாங்குங்கள். எஸ்ஏ 2015-இலிருந்து கழுத்துக் கருவியின் பட்டைகளை மாட்டுவதற்கான எம்6 அளவுத் திருகுத் துளைகள் ஹெல்மெட்டின் இரு பக்கமும் இருப்பது கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. பின்னால் கழுத்துக் கருவி வாங்கும்போது துளையிட வேண்டிய அவசியம் வராது. ஆனால் 2015 முத்திரை உள்ளதை இப்போது மலிவாகத் தருகிறார்கள் என்று எடுத்துவிடாதீர்கள். இந்தத் தரம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, பல ஏற்பாட்டாளர்கள் நடப்பு முத்திரையையும் அதற்கு முந்தையதையும் மட்டுமே ஏற்பார்கள். முத்திரை ஹெல்மெட்டின் உட்புறத் துணிக்கு அடியில் வரிசை எண்ணோடு ஒட்டப்பட்டிருக்கும். வெளியே மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிய போலிகளும் விற்பனையில் இருப்பதால், மாடலின் பெயர் ஸ்னெல் வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒருவர் பயன்படுத்தியதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கிவிட்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அளவைப் பொறுத்தவரை, புருவத்திற்குச் சற்று மேலே தலையைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஹெல்மெட்டைப் பிடித்துத் திருப்பினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் மட்டும் வழுக்கித் திரும்பினால் அது பெரிது. கடையிலேயே இருபது நிமிடம் அணிந்திருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த வார்ப்பு உங்கள் தலைக்குரியது அல்ல. நீங்கள் கண்ணாடி அணிபவர் என்பதால் இன்னொரு செய்தி: எஸ்ஏ பிரிவில் முகத் திறப்பு பைக் ஹெல்மெட்டைவிடக் குறுகலாக இருக்க அனுமதி உண்டு. சில மாடல்களில் கண்ணாடியின் காதுக்கம்பி உள்ளே நுழையவே நுழையாது. ஓட்டும்போது அணியும் அதே கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பழைய_மார்ஷல்

பல ஆண்டுகள் தன்னார்வ மார்ஷலாகத் தடத்தின் ஓரத்தில் கொடியோடு நின்றவன் நான். உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்த வரி, நண்பரின் ஹார்னஸைப் பின் சீட்டுக் கொக்கிகளில் மாட்டப்போவதாகச் சொன்னதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் காரில் தொழிற்சாலை பொருத்திய மூன்று முனை பெல்ட், சீட், காற்றுப்பை, கூரை ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று கணக்குப் பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் பாதுகாப்பு அதிகரிக்காது, பெரும்பாலும் குறையும்.

ஏன் என்பதை விளக்குகிறேன். ஹார்னஸின் தோள்பட்டைகள், அதாவது தோள் மேல் வரும் பெல்ட்கள், தோளின் உயரத்திலிருந்து ஏறக்குறைய கிடைமட்டமாக, அதிகம் போனால் இருபது பாகை சரிவில் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பின் சீட்டின் பெல்ட் கொக்கிகள் கீழே இருப்பதால் பட்டை செங்குத்தாக இறங்கும். மோதலில் உடல் முன்னோக்கிப் பாயும்போது அந்தப் பட்டை தோளைப் பின்னால் இழுக்காது, கீழ்நோக்கி அழுத்தும். அந்த விசை முழுவதும் முதுகெலும்பின் மேல் இறங்கும். அடுத்தது, நான்கு முனை ஹார்னஸில் தொடைகளுக்கிடையே வரும் பட்டை கிடையாது. தோள்பட்டைகள் இறுகும்போது இடுப்புப் பட்டை மேலே ஏறி, இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் பதியும். உடல் அதன் அடியில் வழுக்கிப் போகும். இதைத் தடுக்கவே பந்தயக் கார்களில் ஐந்து அல்லது ஆறு முனை பெல்ட் போடுகிறார்கள். ஒரு தோள்பட்டையில் மட்டும் விசையை உறிஞ்சி நீளும் பகுதி வைத்து இந்த வழுக்கலைக் குறைக்கும் நான்கு முனை வகையை ஷ்ராத் நிறுவனம் சில குறிப்பிட்ட கார்களுக்குச் செய்கிறது. ஆனால் உங்கள் நண்பரிடம் இருப்பது அதுதானா என்று நீங்கள் சொல்லவில்லை.

இதையெல்லாம்விடப் பெரியது கார் உருளும் சூழல். மூன்று முனை பெல்ட் போட்டவரின் மேலுடல் ஓரளவு பக்கவாட்டில் சாய இடமுண்டு. ஹார்னஸ் உங்களை நிமிர்த்தி அசையாமல் கட்டி வைத்துவிடும். கூரை நசுங்கி இறங்கினால் தலைக்கு ஒதுங்க வழியில்லை. ஆகவே ஹார்னஸ் போடுபவர், கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டான ரோல் கேஜோ, குறைந்தபட்சம் ஒற்றை வளைவான ரோல் பாரோ போட்டே ஆக வேண்டும். ஹார்னஸுக்கு ஏற்ற துளைகள் கொண்ட பக்கெட் சீட்டும் வேண்டும். சரி, கேஜும் போட்டுவிடலாம் என்றால் அது உங்கள் அம்மா, அப்பா உட்காரும் கார். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருந்தால், சாலையில் நடக்கும் சாதாரண மோதல்கூட மண்டையை உடைத்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு செய்யப்பட்ட வாகனத்தின் அமைப்பை இஷ்டப்படி மாற்றவும் அனுமதிப்பதில்லை.

இப்போது ஹான்ஸ். அது எனக்கு மிகவும் மதிப்புள்ள கருவி. வேகமாகப் போகும் கார் சுவரில் நின்றுவிட்டால் பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட்டின் எடையும் சேர்ந்த தலையோ முன்னால் போய்க்கொண்டே இருக்கும். கழுத்தோடு சேரும் இடத்தில் மண்டையோட்டின் அடிப்பகுதி அப்போது முறிகிறது. 1994-இல் இமோலாவில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ரோலண்ட் ரட்சென்பெர்கரும், 2001 பிப்ரவரியில் டேடோனாவில் அமெரிக்க நாஸ்கார் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்டும் இறந்தது இந்தக் காயத்தால்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் அவருடைய மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980-களிலேயே இதற்குத் தீர்வு கண்டிருந்தார்கள். ஆனாலும் எர்ன்ஹார்டு இறந்த பிறகுதான் நாஸ்காரில் கழுத்துக் கருவி கட்டாயமானது, ஃபார்முலா ஒன்னில் 2003-இல். அது கையில் இருந்தும் இத்தனை ஆண்டுகள் வீணானதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

ஆனால் ஹான்ஸ் வேலை செய்வது ஹார்னஸின் இரண்டு தோள்பட்டைகளும் அதன் மேல் அழுந்தி அதைப் பிடித்துக்கொள்வதால்தான். மூன்று முனை பெல்ட்டில் ஒரு தோளில் மட்டுமே பட்டை வருகிறது. அங்கே ஹான்ஸ் ஒரு பக்கமாக நழுவிவிடும். ஆகவே ஹான்ஸ், ஹார்னஸ், சீட், ரோல் பார் என்ற நான்கையும் ஒரே நாளில் வாங்குங்கள். இல்லையென்றால் நான்கையும் விட்டுவிடுங்கள். உங்கள் நிலையில் இப்போதைக்கு விட்டுவிடுவதே சரி. தொழிற்சாலை பெல்ட்டையே இறுக்கமாக அணியுங்கள்: சீட்டைப் பின்னால் தள்ளி, பெல்ட்டைப் போட்டு, சட்டென இழுத்து அது பூட்டிக்கொண்டதும் சீட்டை முன்னால் கொண்டுவந்தால் இடுப்பு நன்றாகப் பிடிபடும்.

வேளச்சேரி_போலோ

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி ஐயா. நண்பரின் ஹார்னஸை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மூன்று முனை பெல்ட்டோடு பயன்படுத்தக்கூடிய கழுத்துக் கருவி எதுவுமே இல்லையா? உடையையும் தீயணைப்பானையும் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய_மார்ஷல்

இருக்கிறது. சிம்ப்சன் ஹைப்ரிட் எஸ் போன்ற கருவிகள் மார்பைச் சுற்றி வரும் தம்முடைய சொந்தப் பட்டைகளால் உடலோடு கட்டப்படுவதால், மூன்று முனை பெல்ட்டோடும் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். முதல் ஹெல்மெட்டுக்குப் பிறகு பணம் மிஞ்சினால், ஆண்டுக்கு நாலைந்து முறை தடத்துக்குப் போவீர்கள் என்று உறுதியானால், வாங்குங்கள். பந்தயச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் அமைப்புகளான எஸ்எஃப்ஐயின் 38.1 அல்லது எஃப்ஐஏவின் 8858 முத்திரை இல்லாத மலிவான கழுத்துப் பட்டையை மட்டும் வாங்காதீர்கள். கார்ட் ஓட்டும் பிள்ளைகள் அணியும் நுரை வளையம் இந்த வேலையைச் செய்யாது.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒற்றை அடுக்கு உடைக்கான எஸ்எஃப்ஐ 3.2ஏ/1 தரம், தீயில் இரண்டாம் நிலைக் காயம் ஏற்படுமுன் ஏறக்குறைய மூன்று விநாடி தருகிறது. அதே வரிசையில் 5 என்று முடியும் தரம் ஏறக்குறைய பத்து விநாடி. பந்தயத்தில் அந்த ஏழு விநாடி வேறுபாடு உயிர். உங்கள் காரில் பெட்ரோல் டேங்க் தொழிற்சாலை வைத்த இடத்தில் இருக்கிறது, கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எனவே முதல் நாளுக்கு முழுக்கைப் பருத்திச் சட்டையும் பருத்திக் கால்சட்டையும் போதும். கால்பந்து ஜெர்சி போன்ற பாலியெஸ்டர் துணி மட்டும் கூடவே கூடாது. அது எரிவதற்கு முன் உருகித் தோலில் ஒட்டும். நம் ஊர் வெயிலில் கனமான உடைக்குள் தண்ணீர் வற்றிக் கவனம் சிதறுவதும் ஓர் ஆபத்துதான். உள்ளங்கை வழுக்காத கையுறை, அடிப்பகுதி மெல்லிய காலணி, இவற்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

தீயணைப்பானை வாங்குவதைவிட அதைப் பொருத்துவது முக்கியம். இரும்புப் பிடியில், சீட்டின் தண்டவாளத்திலோ தரையிலோ போல்ட் போட்டு மாட்ட முடியவில்லை என்றால் அதைக் காருக்குள் வைக்காதீர்கள். ஒருமுறை ஒரு கார், வளைவுக்கு முன் பிரேக் பிடிக்காமல் நேராக மணல் பரப்புக்குள் போய் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பின் சீட்டில் படுக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில் உருண்டுவந்து பிரேக் பெடலுக்கு அடியில் கிடந்தது. ஓட்டியவர் நடுங்கிக்கொண்டிருந்தார். பாட்டிலுக்கே அந்தக் கதி என்றால் இரண்டு கிலோ உருளையை நினைத்துப் பாருங்கள். தீப்பிடித்தால் நீங்கள் செய்ய வேண்டியது காரைவிட்டு வெளியே வருவது மட்டுமே. அணைக்க நாங்கள் வருவோம். மூடிய காருக்குள் பொடித் தீயணைப்பானை அடித்தால் கண்ணும் தெரியாது, மூச்சும் விட முடியாது.

ராயபுரம்_அலைவரிசை

வாக்கிடாக்கியை வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய வாக்கிடாக்கிகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையை மட்டும், அதுவும் குறைந்த ஆற்றலில், ஒதுக்கியிருக்கின்றன. கருவிக்கு வகை ஒப்புதல் சான்றும் இருக்க வேண்டும். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் இந்த எல்லையைத் தாண்டி எந்த அலைவரிசையிலும் பேசக்கூடியவை. அவற்றை உரிமமின்றி இயக்குவது குற்றம். அலைவரிசையையும் சான்றையும் குறிப்பிடாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2025-இல் இணையக் கடைகளுக்கென்றே தனி வழிகாட்டுதல் வந்தது. சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு: தடத்தின் மார்ஷல்களும் ஆம்புலன்ஸும் வானொலியில்தான் பேசிக்கொள்கிறார்கள். தெரியாமல் நீங்கள் அவர்களுடைய அலைவரிசையில் குறுக்கிட்டால் ஓர் அவசரச் செய்தி போய்ச்சேராமல் போகலாம்.

சட்டப்படியான கருவியே வாங்கினாலும் உங்களுக்கு அது பெரிதாக உதவாது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர் நீளம். உலோகக் காருக்குள் இருக்கும் சிறிய கருவியின் குறைந்த ஆற்றல் எல்லா வளைவுகளிலிருந்தும் பிட்டுக்குத் தெளிவாக எட்டாது. பேசும் பொத்தானை அழுத்த ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க வேண்டும். குரல் கேட்டதும் தானாகத் திறக்கும் வசதியைப் போட்டால் இன்ஜின் சத்தத்திற்கே அது திறந்துகொள்ளும். தம்பி சொல்லப்போவது சுற்று நேரம்தானே? அதை ஓடி முடித்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஓடும்போது வெளியிலிருந்து உங்களுக்கு வர வேண்டிய செய்தி எல்லாம் கொடியில் வரும். மஞ்சள், சிவப்பு, நீலம், மஞ்சளில் சிவப்புக் கோடு, ஆரஞ்சு வட்டமிட்ட கறுப்பு என ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்பதை மனப்பாடம் செய்யுங்கள்; மார்ஷல் நிற்கும் இடங்களை முதல் சுற்றிலேயே கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்.

வலது_இருக்கை

என் பெயரில் வலது இருக்கை என்று இருந்தாலும், இங்கே ஓட்டுநர் இருக்கை வலது பக்கம் என்பதால், மாணவர்களுக்குக் கற்றுத்தரும் நான் உட்காருவது எப்போதும் இடது பக்கம்தான். இன்டர்காமுக்குப் பணம் செலவிடுவது சரியான முடிவு. ஜன்னல்களை இறக்கி ஓட்டச் சொல்வார்கள். ஹெல்மெட்டும் காற்றும் சேர்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கத்தினாலும் பாதிதான் கேட்கும். கத்தும் குரல் மாணவரைப் பதற்றப்படுத்தவும் செய்யும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நடுவில் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி, அதிலிருந்து இரு ஹெல்மெட்டுகளுக்கும் ஒயர். இணைப்பு அறுவதில்லை, பாட்டரி நாள் முழுக்க வரும். ஆனால் ஒயர் கியர் லிவரிலோ கையிலோ சிக்காமல் தோளுக்குப் பின்னால் கட்ட வேண்டும், இறங்கும்போது தானாகக் கழன்றுவரும் பிளக்காக இருக்க வேண்டும். இன்னொன்று, பைக் ஓட்டுபவர்கள் பயன்படுத்தும் கார்டோ, சேனா போன்ற ப்ளூடூத் கருவிகள். இரண்டு பேரும் ஒரு காருக்குள்ளேயே இருப்பதால் அதிக தூரம் எட்டும் விலையுயர்ந்த மாடல் தேவையில்லை. காற்றுச் சத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை மட்டும் பாருங்கள். முழுமுக ஹெல்மெட்டுக்குக் கம்பி மைக் சரிவராது. தாடைப் பகுதியின் உட்புறம் ஒட்டும் தட்டையான மைக் வாங்குங்கள்.

பொருத்தும்போது ஹெல்மெட்டில் எதையும் துளையிடாதீர்கள், நுரையை வெட்டாதீர்கள். காதுக்கென்று ஏற்கெனவே குழி உள்ள மாடலில்தான் ஸ்பீக்கர் அடங்கும். குழி இல்லாத ஹெல்மெட்டில் அந்தக் கெட்டியான வட்டு காதெலும்பை அழுத்தும், மோதலில் அதுவே காயம் செய்யும். அப்படிப்பட்ட ஹெல்மெட்டுக்குக் காதுக்குள் வைக்கும் சிறிய இயர்போனே நல்லது. பின்னால் கழுத்துக் கருவி வாங்கும் எண்ணம் இருந்தால், அதன் பட்டை போகும் வழியில் இன்டர்காமின் பெட்டி நிற்காதபடி இப்போதே இடம் பார்த்து ஒட்டுங்கள்.

கருவியைவிட முக்கியமானது, என்ன சொல்லிப் பேசுவது என்று பிட்டிலேயே முடிவு செய்துகொள்வது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "பிரேக்கை விடு" என்று நான் சொல்லும்போது சத்தத்தில் மாணவர் காதில் விழுவது "பிரேக்" மட்டும்தான். உடனே அவர் இன்னும் அழுத்துகிறார். வளைவின் நடுவில் அது காரைச் சுழற்றிவிடும். ஒருமுறை அப்படிச் சுழன்று புல்லில் நின்ற பிறகுதான் நான் பாடம் கற்றேன். இப்போதெல்லாம் "பிரேக்" என்றால் அழுத்து என்ற ஒரே பொருள். விடச் சொல்ல "போகலாம்". பின்னால் வருபவருக்கு வழிவிடக் "கை காட்டு". "ஆகட்டும்", "சரி" போன்ற சொற்களை நான் சொல்வதே இல்லை, அவை எதற்கும் பொருந்திவிடும் என்பதால். மாணவர் திரும்பப் பேச வேண்டிய தேவை நேர்ச்சாலையில் மட்டும்தான். வளைவில் அவர் கேட்டால் போதும்.

வேளச்சேரி_போலோ

அப்படியானால் என் முடிவு இது: எஸ்ஏ முத்திரையுள்ள ஹெல்மெட், கையுறை, காலணி, பயிற்சியாளருக்கும் எனக்கும் ஒயர் இன்டர்காம். வாக்கிடாக்கி இல்லை, ஹார்னஸ் இல்லை. மீதிப் பணத்தை மார்பில் கட்டும் கழுத்துக் கருவிக்காக ஒதுக்கி வைக்கிறேன். "பிரேக்கை விடு" பற்றிச் சொன்னதை இதுவரை நான் யோசித்ததே இல்லை. இந்த ஞாயிறு காலி மைதானத்தில் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தச் சொற்களைப் பழகிப்பார்க்கிறேன்.

பழைய_மார்ஷல்

நல்ல முடிவு. பழகும்போது ஹெல்மெட் அணிந்து, ஜன்னலை இறக்கிவிட்டுப் பழகுங்கள். காலையில் தடத்துக்குக் கிளம்புமுன் ஓட்டுநர் பக்கத்துத் தரைவிரிப்பை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். டிக்கியில் உள்ள ஜாக்கி, ஸ்டெப்னி, கருவிப் பெட்டி ஆகியவற்றைப் பிட்டில் இறக்குங்கள். அந்தக் கருவிப் பெட்டிக்குள் இழுவைக் கொக்கி இருக்கும். அதை இறக்கி வைக்காமல், முன் பம்பரில் உள்ள சிறிய மூடியைக் கழற்றிக் கையோடு திருகிவிடுங்கள். மணலில் மாட்டிய காரைச் சுற்றி நின்று, கொக்கி எங்கே என்று தேடும் நேரமெல்லாம் நாங்கள் ஓடும் கார்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.